பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"பிடிச்சதைச் செஞ்சு குடுங்க, தானா சாப்பிடுவா." வீட்டில் ஒரு பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறது என்று தெரிந்ததும் எல்லாரும் சொல்வது இதைத்தான். அத்தை சொன்னார், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சொன்னார், கோயிலில் அம்மா பார்த்த, பெயர்கூடத் தெரியாத ஒரு பெரியம்மா சொன்னார். யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. இதற்குக் கொஞ்சம் படித்தவர்களின் வடிவமும் உண்டு: முதலில் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், அது சரியானால் சாப்பாடு தானாக உள்ளே போகும். இரண்டும் ஒரே தப்புதான். அனொரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கிப் பட்டினி கிடக்க வைக்கும் மனநோய், அது பிடித்த பிள்ளைக்கு வரிசை தலைகீழ். சாப்பாடு உள்ளே போன பிறகுதான் மனது சரியாகத் தொடங்கும், அதுவும் உடனே இல்லை, மாதக்கணக்கில் கழித்து. அதுவரை அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஆசை வராது, நம்மைப் பார்த்தாலே எரிச்சல்தான் வரும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் சொல்லி முடிக்க நிறைய இடம் வேண்டும்.

நான் அக்கா. எனக்கும் தங்கைக்கும் பதினொரு வயது வித்தியாசம், அதனால் பாதி அம்மா மாதிரி. பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறார், எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட். பாட்டியும் எங்களோடுதான். தங்கைக்கு மூன்றாம் படிவம் படிக்கும்போது தொடங்கியது, இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு பத்திகளை அடித்துவிட்டாள், சரி, அது அவள் உரிமை. இன்னொன்று, இதில் எடை எவ்வளவு, கலோரி எவ்வளவு என்று எதுவும் இருக்காது. இந்த நோய் உள்ளவர்கள் அந்த எண்களைத் தேடித் தேடிப் படித்துத் தங்களோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். சாப்பிடாமல் தப்பிக்க அவள் செய்த தந்திரங்களையும் எழுதமாட்டேன், இன்னொரு பிள்ளைக்குப் பாடமாகிவிடும்.

எப்படித் தொடங்கியது என்று கேட்பார்கள். விரதத்தில் தொடங்கியது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கப்போகிறேன் என்றாள், நாற்பத்தெட்டு நாள் இறைச்சி மீன் தொடவில்லை, அப்புறம் ஒரு வேளைச் சாப்பாடு என்றாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறதே என்று ஊர் முழுக்கச் சொன்னார். பூசம் முடிந்தது, விரதம் முடியவில்லை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, புரட்டாசிச் சனி என்று நம் பஞ்சாங்கத்தில் சாப்பிடாமல் இருக்கக் காரணத்துக்கா பஞ்சம்? விரதம் இந்த நோயைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் விரதம் இருந்து மறுநாள் நாசி கண்டார் (கறிச்சோறு) கடையில் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பிறவியிலேயே ஓரளவு சாய்வு உள்ளவர்களுக்கு, அளவுக்கு மீறிப் பட்டினி கிடப்பதே கதவைத் திறந்துவிடுகிறது என்று பிறகு மருத்துவர் விளக்கினார். எங்கள் வீட்டில் அந்தக் கதவுக்கு விபூதி பூசி வைத்திருந்தோம், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

அப்புறம் வந்த அறிகுறிகளில் பாதி, சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாதவை மாதிரி இருந்தன. பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர். குளியலறை வடிகாலில் கொத்துக் கொத்தாக முடி. மாதவிலக்கு நின்றது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முன்பு கலகலவென்று இருந்தவள் ஒரு தட்டு இடம் மாறியிருந்தால்கூடக் கத்தினாள். இதற்கு நடுவில் ஓயாமல் சமைத்தாள். யூடியூப் பார்த்துக் கேக், பட்டர் பிஸ்கட், விதவிதமான குழம்பு எல்லாம் செய்து எங்களை உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பார்த்தவர்கள் எல்லாரும், "மெலிஞ்சு அழகாயிட்ட, என்ன பண்ணுன, எனக்கும் சொல்லு" என்றார்கள்.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பசி எடுக்க ஒரு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அனொரெக்ஸியாவில் இரத்தப் பரிசோதனை வெகுநாள் வரைக்கும் சரியாகவே இருக்கும். உடம்பு தன்னைத் தானே தின்று அளவுகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது நாடித்துடிப்பு, படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் இரத்த அழுத்தம், இ.சி.ஜி., உடம்புச் சூடு. பிறகு அரசாங்க கிளினிக்கில் ஓர் இளம் மலாய் மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் பிடித்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்ப எண்ணினார், உடனே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார். இதயம் அவ்வளவு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

வார்டில் சேர்த்ததும், சரி, நல்லாச் சாப்பாடு கொடுத்துத் தேற்றிவிடுவார்கள் என்று நினைத்தோம். அம்மா முதல் நாளே ஒரு தூக்குவாளி நிறையச் சோறும் குழம்பும் கொண்டுபோனார். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால், அதிலிருந்து வரும் சர்க்கரையைக் கையாள இன்சுலின் கிளம்பி இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். இரத்தத்தில் அவை சட்டென்று இறங்கினால் இதயம் நின்றுபோகக்கூட வாய்ப்பு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டினி முகாம்களிலிருந்து மீண்டவர்களில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்களுக்கு இது புரிந்தது. அதனால் வார்டில் தினம் இரத்தம் எடுத்துப் பார்த்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கணக்காகக் கூட்டினார்கள். உங்கள் வீட்டில் வெகுநாளாகச் சரியாகச் சாப்பிடாத ஒருவர் இருந்தால், தொடக்கத்தை மருத்துவர் கண்காணிப்பில் வையுங்கள், வீட்டு விருந்தில் வேண்டாம்.

பாட்டிக்கு இது எதுவும் ஏறவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கெழங்கு கெடச்சா அன்னைக்குத் திருநாளு. இவளுக்குச் சோறு கசக்குதா?" என்று கேட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது, போரில் ஜப்பான்காரர்கள் இங்கே ஆண்டபோது பசியால் ஆள் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். மாமா ஒருவர் வேறு ஒரு கருத்தோடு வந்தார், இதெல்லாம் போன் பார்த்து வந்த வியாதியாம். போன் எண்ணெய் ஊற்றும், மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் இதற்கு அனொரெக்ஸியா நெர்வோசா என்று பெயர் வைத்தது 1873இல். அதே ஆண்டு பாரிஸில் லசேக் என்பவரும் இதே நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது என்ன போன் இருந்தது?

அந்த வில்லியம் கல் இன்னொன்றும் சொன்னார். நோயாளிக்கு நேரம் தவறாமல் உணவு கொடுக்க வேண்டும் என்றார், அது இன்றைக்கும் சரி. கூடவே, இவர்களைப் பார்த்துக்கொள்ள உறவினர்கள்தான் ஆகாதவர்கள் என்றும் எழுதிவைத்தார். அதற்குப் பிறகு நூறு வருஷம் குடும்பத்தைத் தள்ளி வைத்துத்தான் வைத்தியம் நடந்தது, அதிலும் அம்மாக்கள்மேல்தான் பழி. 1980களில் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் ஒரு குழு இதைத் திருப்பிப் போட்டது. பிள்ளையை நோயிலிருந்து மீட்கப் பெற்றோர்தான் சரியான ஆட்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். 1987இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நோய் வந்து மூன்று வருஷத்துக்குள் இருந்த இளவயதினருக்குத் தனி ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு செய்த சிகிச்சை நன்றாக வேலை செய்தது. அந்த முறைக்கு இப்போது குடும்பம் சார்ந்த சிகிச்சை என்று பெயர். மூன்று கட்டம்: முதலில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதும் பெற்றோர் கையில், எடை தேறியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது, கடைசியில் அந்த வயதுக்குரிய மற்ற வாழ்க்கை. இந்தச் சிகிச்சையில் தேர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எங்களுக்கு மருத்துவமனையின் மனநல மருத்துவரும் உணவு ஆலோசகரும் அதன் அடிப்படையை மலாய், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டையே திருப்பியது அந்த மருத்துவர் சொன்ன ஒரு பழைய கதை. போர் முடியும் சமயம், 1944-45இல், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். பட்டினியில் கிடக்கும் ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். உடம்பும் மனதும் திடமாக இருந்தவர்களாகப் பார்த்து எடுத்தது. 24 வாரம் அரைப்பட்டினி. என்ன ஆனார்கள் தெரியுமா? எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் துண்டு துண்டாக்கிக் கிளறிச் சாப்பிட்டார்கள். குளிர்ந்து நடுங்கினார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், சோர்ந்து போனார்கள். அவர்களில் யாரும் மெலிய ஆசைப்பட்டவர்கள் இல்லை, யாரும் இன்ஸ்டாகிராம் பார்க்கவில்லை. திரும்பச் சாப்பாடு கொடுத்த பிறகும் மனது பழையபடி ஆக மாதங்கள் பிடித்தன.

அப்பா அதிகம் பேசாதவர். இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எம்புள்ள கெட்டுப்போகலை, பட்டினியில கெடக்குறா, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் இல்லை, இந்த நோயில் எடை கூடிவிடுமோ என்ற பயம் தனியாக உண்டு, அது மினசோட்டா ஆட்களுக்கு இல்லை. ஆனாலும் அப்பா சொன்னதில் பெரும்பகுதி சரி. அன்றிலிருந்து ஏன் ஏன் என்று அவளைக் குடைவதை நிறுத்திவிட்டோம்.

வீட்டில் நடந்தது பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். காலையில் பசியாறுவது, மதியம், இரவு என மூன்று வேளை, நடுவில் மூன்று சிறுதீனி. தட்டில் போடுவது அம்மா, அவள் சமையலறைக்குள் வரக்கூடாது. எவ்வளவு, எதில் எண்ணெய் ஊற்றினாய், தேங்காய்ப்பால் ஏன் என்ற பேச்சே இல்லை. வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், சிறுதீனிக்குக் கால் மணி. முடிக்கவில்லையென்றால் அதற்கு ஈடாக ஆலோசகர் சொன்ன சத்துப்பால். முடித்தபின் ஒரு மணி நேரம் எங்கள் கூடவே இருக்க வேண்டும், குளியலறைப் பக்கம் போகக்கூடாது. நிறுக்கும் மெஷினை அப்பா லாரியில் கொண்டுபோய் வைத்தார். அம்மாவின் பலகாரத் தராசு ஒன்று இருந்தது, அது இல்லாமல் ஆர்டர் செய்ய முடியாது, அதனால் அம்மா அதை அலமாரியில் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார். எடை பார்ப்பது மருத்துவமனையில் மட்டும்.

இப்படி எழுதினால் ஏதோ ஒழுங்காக நடந்த மாதிரி இருக்கிறது. முதல் வாரங்கள் போர்க்களம். தட்டு பறந்தது. அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத வார்த்தைகள் வந்தன. ஒரு கிண்ணம் தயிர்சாதத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுவாள், நமக்கோ நெஞ்சு அறுந்துபோகும், போகட்டும் விடு என்று சொல்ல நாக்கு வரை வரும்.

"முடியலக்கா. நெசமா முடியல."

"தெரியும்டா. கஷ்டமாத்தான் இருக்கும். அடுத்த வாய்."

"உனக்கு என்ன தெரியும்? என்னை ஊதவைக்கணும் உனக்கு. நான் உன்னை வெறுக்கிறேன்."

"சரி. வெறு. அடுத்த வாய்."

இவ்வளவுதான் வசனம். இதைத் தவிர வேறு எதைப் பேசினாலும் நோய் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடும். சத்து என்று சொன்னால் சத்தைப் பற்றி ஒரு பாடம் நடத்துவாள். செத்துப்போவே என்று பயமுறுத்தினால் ஒரு துளிகூட அசையமாட்டாள். அம்மாவுக்காக என்று கெஞ்சினால் குற்ற உணர்ச்சியில் இன்னும் சுருங்குவாள். சத்தம் போடாமல், கெஞ்சாமல், எழுந்தும் போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கோபம் வந்தால் ஆள் மாற்றிக்கொள்வோம். நான் எழுந்து போய் படிக்கட்டில் நிற்பேன், அம்மா வந்து உட்காருவார்.

நோய் வேறு, பிள்ளை வேறு என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். கத்துவது நோய், உள்ளே பயந்துபோய் இருப்பது உங்கள் மகள். படித்த எனக்கு இது பிடிபட நாளானது, அம்மாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. காரணம் வேடிக்கையானது. அதற்கு முந்தின மாதம்தான் பட்டர்வொர்த்தில் ஒரு சாமியாடியிடம் போகலாம், பிள்ளையை ஏதோ பிடித்திருக்கிறது என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அங்கே போகவில்லை, ஆனால் "எம்புள்ள இல்ல இது, வேற ஒண்ணு பேசுது" என்ற எண்ணம் நம் ஆட்களுக்குப் பழக்கமானதுதானே. ஒரே வித்தியாசம், இதை ஒரு ராத்திரியில் உடுக்கை அடித்து விரட்ட முடியாது. நாளைக்கு ஆறு தடவை, தட்டு வைத்து விரட்ட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் யார் நல்ல துணை என்று கேட்டால், எங்கள் வீட்டில் பாட்டி. மரவள்ளிக்கிழங்குப் பேச்சை நிறுத்தச் சொல்லி அப்பா கேட்டுக்கொண்ட பிறகு, பாட்டி வேறு எல்லாவற்றையும் பேசினார். தோட்டத்தில் கங்காணியை ஏமாற்றியது, தாத்தா சைக்கிளோடு ஆற்றில் விழுந்தது, யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பது. தட்டைப் பார்க்கவே மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் அந்த ஒரு மணி நேரம் தாயம் விளையாடுவார்கள், பாட்டி வெட்கமே இல்லாமல் ஏமாற்றுவார், அவள் சண்டைக்குப் போவாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் இந்த நோயில் தலைக்குள் சத்தம் அதிகம். அந்த நேரத்தில் ஒரு கிழவியோடு சண்டை போடுவது நல்ல வைத்தியம்.

எடை ஏற ஆரம்பித்ததும் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதுதான் மோசமாகும். வெகுநாள் சும்மா கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு கல் மாதிரி ஆகும், மலச்சிக்கல், கால் வீக்கம், இரவில் வேர்த்துக் கொட்டும். கூடும் எடையும் முதலில் வயிற்றைச் சுற்றித்தான் ஏறும், பிறகுதான் மெல்ல உடம்பெங்கும் பரவும். எதைப் பார்த்து ஒரு வருஷமாகப் பயந்தாளோ அது கண்ணாடியில் தெரிந்தது. அந்த மாதங்களில்தான் சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னாள். அதைக் கேட்டதும் பேச்சை மாற்றாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று, அதில் ஒரு பங்கு தற்கொலை. மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவிக்கான ஹீல் எண் 15555. மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இது இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. நோயாளிக்கு மட்டும் என்றில்லை, பக்கத்தில் இருப்பவர்களும் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்கிறேன், இரவு ஷிஃப்ட் முடிந்து கார் நிறுத்துமிடத்திலிருந்து. யார் எடுத்தார் என்று தெரியாது, நான் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

உறவினர்கள் ஒரு தனி அத்தியாயம். தீபாவளிக்கு வந்த ஒரு அத்தை, அவளைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் பாக்க லட்சணமா, பூசுனாப்புல இருக்க" என்றார். பாசத்தில் சொன்னதுதான். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு வாய்க்கும் சண்டை. அடுத்த தீபாவளிக்கு முன்னால் அம்மா உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்: வாங்க, முறுக்கு சாப்பிடுங்க, எம்மக உடம்பப் பத்தி நல்லதா கெட்டதா ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினா அடுத்த வருஷம் வரவேண்டாம். பெரிய நாத்தனாரிடம் இப்படிப் பேசும் தைரியம் அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளட்டும். குண்டு, ஒல்லி, டயட், "இன்னிக்கு ஓவரா சாப்பிட்டேன், நாளைக்கு நடக்கணும்" போன்ற பேச்சுகள் எங்கள் வீட்டில் இன்றும் கிடையாது. நானே ஜிம் பற்றிப் பேசுவதை விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு விஷயம் செய்ய வேண்டியிருந்தது. செகாக் உடல் தகுதிச் சோதனையில் எடையும் உயரமும் அளந்து பி.எம்.ஐ. எழுதுவார்கள், சில இடங்களில் வகுப்பே பார்க்க. மருத்துவர் கடிதம் கொடுத்து அதிலிருந்து அவளை விலக்கச் சொன்னோம், ஆலோசனை ஆசிரியை ஒரு கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டார். இன்னொன்று ரமலான் மாதம். தோழிகள் பாதிப் பேர் நோன்பு, அவர்கள் முன்னால் எப்படிச் சாப்பிடுவது, மரியாதையில்லை என்றாள். கேட்க எவ்வளவு நல்ல பிள்ளை! அந்த மலாய்த் தோழிகளில் ஒருத்தியிடம் அவளே தன் நிலைமையைச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண், நோன்பு வைத்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இவளோடு ஆசிரியை அறையில் உட்கார்ந்து, "ஹபிஸ்கான்" (முழுசாச் சாப்பிட்டு முடி) என்று டப்பாவைக் காட்டிக்கொண்டிருப்பாளாம். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த பல விஷயங்களில் இது ஒன்று.

எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா உண்டு, வாந்தி எடுக்காமலே அடக்கமுடியாமல் சாப்பிடும் கோளாறும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கமாட்டார்கள், அதனால் யாரும் நோய் என்றே நம்பமாட்டார்கள். பையன்களுக்கும் வரும். மாதவிலக்கு நின்றிருந்தால்தான் அனொரெக்ஸியா என்ற பழைய விதியை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு எடுத்துவிட்டது, எடை சாதாரணமாகத் தெரிந்தாலும் இந்த நோய் இருக்கலாம் என்பதும் அதில் உண்டு. ஆளைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வயது வந்தவர்களுக்கு வைத்தியமும் வேறு, மனைவியையோ முப்பது வயதுத் தம்பியையோ இப்படித் தட்டு வைத்துக் காவல் காக்க முடியாது, அவர்கள் சம்மதத்தோடு ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது, இரண்டும் எந்த வயதுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

விரதம் பற்றி அம்மாவோடு எனக்குத்தான் பெரிய சண்டை. பிள்ளை பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும், அவளே பால்குடம் எடுக்கட்டும் என்றார் அம்மா. விரதமில்லாமல் எப்படி எடுப்பது? விரதமிருந்தால் நான் தட்டை வைத்துக் காத்த மாதங்கள் என்னாவது? கடைசியில் கோயில் ஐயரிடமே அம்மா போய்க் கேட்டார். நோயாளிக்கு விரதம் கிடையாது, அவளுக்காக நீங்கள் எடுங்கள் என்றுவிட்டார். அம்மா எடுத்தார். அவள் எங்கள் ஃபிளாட்காரர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் நின்று மோரும் கடலையும் கொடுத்தாள், பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு நானும் அவளும் நேரத்துக்குச் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதம் வறண்டிருந்தது, அவளே குறை சொன்னாள், ஊறுகாய் கேட்டாள்.

இரண்டாம் கட்டத்தில், பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது, எங்களுக்கு முதலாவதைவிடப் பயமாக இருந்தது. முதலில் ஒரு சிறுதீனி, அதை அவளே எடுத்துக்கொள்ளட்டும். பிறகு பள்ளிச் சாப்பாடு. பிறகு தோழிகளோடு மாமாக் எனும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய். நடுவில் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு நெருக்கத்தில் திரும்பச் சறுக்கினாள், எடை இறங்கியது, அம்மா திரும்பவும் தட்டைக் கையில் எடுத்தார். மருத்துவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை, இப்படி முன்னும் பின்னும் போகத்தான் செய்யும், கவனித்த வேகம்தான் முக்கியம் என்றார். அவள் அந்த முறை தட்டைத் தள்ளவில்லை. "எனக்கே தெரிஞ்சுச்சுக்கா, சொல்லத்தான் முடியல" என்றாள்.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷனுக்குக் கெடாவில் விடுதியில் சேரப்போகிறாள். அனுப்பலாமா என்று வீட்டில் இரண்டு கட்சி. மருத்துவர் சில நிபந்தனைகளோடு சரி என்றார்: அங்குள்ள கிளினிக்கில் மாதம் ஒரு முறை எடை, அவர் எழுதிக் கொடுத்த கோட்டுக்குக் கீழே இறங்கினால் படிப்பை நிறுத்திவிட்டு வீடு, இரவுச் சாப்பாடு வீடியோ அழைப்பில் எங்களோடு. நான் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "இது என்ன ஃபிளாட் வாடகை ஒப்பந்தமா?" என்று கேட்டுவிட்டுப் போட்டாள். அழைப்பு எட்டரைக்கு வேண்டாம், ஒன்பதுக்கு வைத்துக்கொள்ளலாம், எட்டரைக்குப் பூப்பந்து இருக்கும் என்றாள். பூப்பந்து பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையே என்று மருத்துவரிடம் கேட்டேன். வாரம் இரண்டு நாள், அதற்குமேல் வேண்டாம், ஆடும் நாளில் கூடுதலாக ஒரு சிறுதீனி என்றார். அதையும் தாளில் கீழே சேர்த்து எழுதினேன். அவள் பக்கத்திலேயே நின்று, சிறுதீனி மைலோவாக இருக்கலாம் என்று போடச் சொன்னாள்.